கேலிக்குப் போய்ச் சோளக் கதையோடு திரும்பினோம்

மெல்பர்னிலிருந்து:

ஏப்ரல் கடைசியில் கொராய்ட் ஊரின் ஐரிஷ் விழாவுக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். காரில் மூன்றரை மணி நேரம். வார்னம்பூலைத் தாண்டினால், டவர் ஹில் என்ற அவிந்த எரிமலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றூர் அது. எரிமலை விட்டுப்போன மண்ணில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் கொழிக்கின்றன. 1840களிலிருந்து அயர்லாந்துக்காரர்கள் குத்தகைக்கு எடுத்து உழுத நிலம். ஆண்டுக்கு ஒருமுறை அந்த முன்னோர்களை நினைத்து ஊரே பச்சை உடுத்திக்கொள்கிறது. மனைவிக்கு ஆட்டம் பார்க்க ஆசை. மகனுக்கு உருளைக்கிழங்குப் போட்டிகள். நான் வெறும் வண்டியோட்டி.

“ராத்திரி கேலி இருக்கிறது, கட்டாயம் வாருங்கள்” என்றார் டிக்கெட் கொடுத்த பெண்மணி. கூடி ஆடும் நடனத்துக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர். யாரை யார் கேலி செய்வார்கள் என்று மகன் கேட்டான். ஒருவர் முன்னே நின்று அடவு சொல்லச் சொல்ல, எட்டுப் பேர் கைகோத்து ஆட வேண்டும். இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்திலெல்லாம் நான் வலப்பக்கம் திரும்பி, எழுபது வயதுப் பாட்டி ஒருவரை இரண்டு முறை இடித்தேன். என்ன பெயர்ப் பொருத்தம்!

தாளத்துக்கு போவ்ரான். வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் கட்டிய வாத்தியம். தூரத்தில் பார்த்தால் நம் தப்புப் பறை என்றே சொல்லிவிடலாம். ஆனால் அதை மடியில் நிறுத்தி, சின்னக் கட்டையால் தட்டுகிறார்கள். மறு கை தோலின் உட்புறத்தை அழுத்தியும் தளர்த்தியும் நாதத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

இடிபட்ட பாட்டியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் பக்கத்தில் உட்காரவைத்து, சோடா ரொட்டி கொடுத்து, கதை சொன்னார். அவருடைய முன்னோர் கிளேர் மாவட்டத்துக்காரர்கள். கப்பலேறப் போகிறவர்களுக்காக முந்தின இரவு ஊர் கூடி, விடிய விடிய ஆடிப் பாடி, விடியற்காலையில் ஒப்பாரி வைப்பார்களாம். பிணத்தின் பக்கத்தில் விழித்திருப்பதைப் போலவே, போகிறவர் பக்கத்திலும் விழித்திருப்பது வழக்கம். பெரும்பாலோர் அமெரிக்காவுக்குப் போனதால் அதற்கு ‘அமெரிக்க விழிப்பு’ என்று பெயர். “திரும்பி வர மாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கல்யாணத்தையும் இழவையும் ஒரே ராத்திரியில் முடித்துவிடுவார்கள்” என்றார், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே.

மறுநாள் பகலில் ஒருவர் கிடாருடன் பாடினார். பசித்த பிள்ளைகளுக்காக ‘ட்ரெவெலியனின் சோளத்தை’த் திருடி, நாடு கடத்தப்படுகிறவனின் பாட்டு. கேட்டால் நூறு ஆண்டுப் பழம்பாடல் போலிருக்கிறது, 1970களில்தான் எழுதினார்களாம். கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடியது. ட்ரெவெலியன் யார் என்று பாட்டியிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே இருந்த முகம் இறுகியது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் அழுகல் நோய் விழுந்து பஞ்சம் வந்தபோது, லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணச் செலவைக் கவனித்த அதிகாரி அவர். சந்தை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்றும், பஞ்சம் கடவுளின் சித்தம் என்றும் எண்ணியவர். 1841இல் 81 லட்சமாக இருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை 1851இல் 65 லட்சம். செத்தவர்கள் பாதி, கப்பலேறியவர்கள் பாதி என்று சொன்னால் பெரிய பிழை இருக்காது.

அந்தப் பெயரை நான் இதற்கு முன் எங்கேயோ கேட்டிருக்கிறேன். எங்கே என்று பிடிபடவில்லை. உங்களில் யாருக்காவது தெரியுமா?

பல்லாரட்டிலிருந்து:

நாங்களும் ஓராண்டு போனோம். இசை நன்றாக இருந்தது, கூட்டத்தில் காரை நிறுத்த இடம் தேடியே அரை நாள் போய்விட்டது. எனக்கு மனத்தில் நின்றது விழா அல்ல, டவர் ஹில்தான். கொராய்ட் என்ற பெயரே கொராய்ட்ச் குன்டிஜ் என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து வந்தது. அவர்கள் நிலத்தை அரசிடம் ஏக்கர் 1 பவுண்டு கணக்கில் 5,120 ஏக்கராக வாங்கியவர் வில்லியம் ரட்லெட்ஜ். அவரும் அயர்லாந்தில் பிறந்தவர்தான். அவர் தம் நாட்டு ஏழைகளுக்கே அதைக் குத்தகைக்கு விட்டார். சொந்த நாட்டில் பண்ணையாருக்கு வாரம் அளந்தவர்கள் இங்கே வந்தும் பண்ணையாருக்கே அளந்தார்கள். அதுவும் வேறொருவருடைய நிலத்தில்.

வெட்டியும் மேய்த்தும் மலையை மொட்டையாக்கிவிட்டார்கள். 1960களில் மீண்டும் காடு வளர்க்க முனைந்தபோது எந்த மரம் எங்கே நின்றது என்று தெரியவில்லை. ஓவியர் யூஜின் வான் கெரார்ட் 1855இல் அந்த இடத்தை இலை இலையாக வரைந்து வைத்திருந்தார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நட்டார்கள். இப்போது ஈமு கோழிகள் சாப்பாட்டு மேசை வரை வருகின்றன. விழாவுக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். விழா மேடையில் சொல்லாமல் விடுகிற கதை அங்கே இருக்கிறது.

சிட்னியிலிருந்து:

பஞ்சத்தின்போது அயர்லாந்தின் ஏழை விடுதிகளில் கிடந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பெண் பிள்ளைகளை 1848 முதல் 1850 வரை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அப்படி வந்த ஒரு பெண்ணின் வழித்தோன்றலை இதே விழாவில் சந்தித்தேன். ஒவ்வொருத்திக்கும் ஒரு மரப்பெட்டி கொடுத்தார்களாம்: ஆறு உள்ளாடை, இரண்டு ஃபிளானல் பாவாடை, ஆறு ஜோடி காலுறை, இரண்டு ஜோடி செருப்பு, இரண்டு கவுன். “அதுவரை அவளுக்குச் சொந்தமாக ஒரு ஜோடி செருப்பு கூட இருந்திருக்காது” என்றார். எனக்கு என் மகளின் வயது கண்ணில் வந்து நின்றது; பதினாறு.

மெல்பர்ன் அண்ணா, அந்த ரொட்டியின் பக்குவம் பாட்டியிடம் கேட்டீர்களா?

சென்னையிலிருந்து:

ட்ரெவெலியனை நீங்கள் கேள்விப்பட்டது சென்னையில்தான் இருக்கும். அதே சார்லஸ் ட்ரெவெலியன் 1859இல் மதராஸ் கவர்னராக வந்தார். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே பீப்பிள்ஸ் பார்க்கை உருவாக்கியவர் அவர். ரிப்பன் கட்டடம், நேரு விளையாட்டரங்கம் எல்லாம் அந்தப் பூங்காவிலிருந்து பிய்த்தெடுத்த துண்டுகளே. கல்கத்தாவிலிருந்து வருமான வரி விதித்தபோது, மதராஸ் மக்கள் தாங்க மாட்டார்கள் என்று வெளிப்படையாக எதிர்த்து, 1860இல் பதவியை இழந்தார். அதனால் இங்கே அவருக்கு நல்ல பெயர். அயர்லாந்தில் அவர் பெயரைச் சொன்னால் நடப்பது வேறு என்று உங்கள் பதிவைப் படித்தபின் தெரிந்துகொண்டேன். வரியால் வாடுவார்களே என்று இங்கே இரங்கிய மனம் பத்தாண்டுகளுக்கு முன் எங்கே போயிருந்தது?

மெல்பர்னிலிருந்து:

ஐயா, நன்றி. பீப்பிள்ஸ் பார்க் என்றதும் நினைவு வந்துவிட்டது. அங்கேதானே உயிர் காலேஜ் இருந்தது! மிருகக்காட்சி சாலையை வண்டலூருக்கு மாற்றுவதற்கு முன்பு, அப்பா தோளில் உட்கார்ந்து அங்கே ஒரு கரடியைப் பார்த்தேன். பார்க்கை யார் வைத்தது என்று அப்பா அன்று சொன்ன வெள்ளைக்காரப் பெயர் இதுதான் போலிருக்கிறது. கொராய்ட் பாட்டிக்கு இதை எழுதி அனுப்ப வேண்டும் என்று உட்கார்ந்தேன். முதல் வரியே ஓடவில்லை.

சிட்னி அக்காவுக்கு: மைதா, உப்பு, சமையல் சோடா, மோர். ஈஸ்ட் கிடையாது. புளித்த மோர்தான் சோடாவோடு சேர்ந்து மாவை உப்பவைக்கிறது. சப்பாத்தி மாவைப் போல அழுத்திப் பிசைந்தால் கல்லாகிவிடும். கையில் ஒட்டுகிற பதத்தில் உருட்டி, மேலே கத்தியால் சிலுவைபோல் ஆழமாகக் கீறிவிட்டு ஓவனில் வையுங்கள். நான் முதல் முறை பிசைந்தே கெடுத்தேன்.