சில்லறை சிகரெட்டும் 100 கெஜமும்: மாணவர்களுக்குத் தெரிந்தது எவ்வளவு?

வைகைக்கரையான்:
நான் கல்லூரியில் பாடம் நடத்துபவன். வாசலுக்கு எதிரேயுள்ள தேநீர்க்கடையில், கம்பத்தில் புகைந்தபடி தொங்கும் கயிற்றில் சிகரெட்டைப் பற்றவைக்கும் மாணவர்கள் சிலரிடம் அண்மையில் பேச்சுக் கொடுத்தேன். புற்றுநோய் வரும் என்பதை எல்லாரும் ஒப்பித்தார்கள். ஆனால் புகைப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கெஜத்துக்குள், அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சொல்வதைக் கேட்டுச் சிரித்தார்கள். கர்நாடகம் 2024இல் சட்டத்தைத் திருத்தியது போல, வாங்குவோரின் வயது வரம்பை 18இலிருந்து 21ஆக உயர்த்தி, அபராதத்தையும் 200 ரூபாயிலிருந்து 1,000 ஆக்கினால்தான் வழிபிறக்கும் என்பது என் கருத்து.

மூன்றாமாண்டு மாணவன்:
ஐயா, நானும் புகைப்பவன்தான். எங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தெரிந்தேதான் புகைக்கிறோம். தேர்வு முடிந்ததும் விட்டுவிடலாம் என்று எண்ணுகிறோம், அந்தத் தேர்வு முடிவதேயில்லை. 18 வயதில் வாக்களிக்கலாம், ஆனால் 21 வரை சிகரெட் வாங்கக் கூடாது என்றால் அது எங்களைக் குழந்தைகளாக நடத்துவது ஆகாதா? மேலும், பொது இடம் என்பதில் திறந்தவெளி சேராது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பேருந்து நிறுத்தத்தில் நின்று புகைப்பவனை எப்படிக் குற்றவாளி என்பீர்கள்?

வைகைக்கரையான்:
தம்பி, பாதிச் சட்டத்தைப் படித்திருக்கிறீர்கள். 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் ஆகியவை திறந்தவெளி என்ற விலக்கைப் பெறமாட்டா. நீங்கள் நிற்கும் இடத்திலேயே அபராதம் விதிக்கலாம். நான் அறியாமை என்றது இதையும் சேர்த்துத்தான்.

பெட்டிக்கடைக்காரர் மகன்:
இருவரும் கடைக்காரரை மறந்துவிட்டீர்கள். எங்கள் கடையில் தேநீருடன் ஒற்றை சிகரெட் வாங்குபவர்களே மிகுதி. முழுப் பெட்டி கேட்பவர் அரிது. 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கப்படாது என்ற பலகையை அப்பா மாட்டித்தான் வைத்திருக்கிறார், அதன் மேல் சிப்ஸ் பொட்டலச் சரம் தொங்குகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சிறார்க்கு விற்றால் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தில் ஏழாண்டு வரை சிறை என்பதால், பள்ளிச் சீருடையில் வருபவரை அப்பா திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் கல்லூரி மாணவரின் வயதை எந்தக் கடைக்காரர் அடையாள அட்டை வாங்கிப் பார்க்கப் போகிறார்? வயது 21 என்றால், எங்கள் மீது ஒரு வழக்கு கூடும், அவ்வளவுதான்.

வைகைக்கரையான்:
நீங்கள் சொன்ன ஒற்றை விற்பனைதான் சிக்கலின் முடிச்சு. 2016 முதல் பெட்டியின் இருபுறமும் 85 விழுக்காடு இடத்தில் எச்சரிக்கைப் படம் அச்சிடுகிறார்கள். அந்தப் பெட்டியோ கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது; மாணவன் கைக்கு வருவது படமில்லாத வெள்ளைக் குழல். மகாராட்டிரம் 2020இல் இந்த ஒற்றை விற்பனையைத் தடைசெய்தது. இங்கும் அது வேண்டும். வயது வரம்பைப் பற்றிய என் பிடிவாதத்தை வேண்டுமானால் தளர்த்திக்கொள்கிறேன்.

பெட்டிக்கடைக்காரர் மகன்:
பெட்டியாகத்தான் வாங்க வேண்டும் என்றால், நாளுக்கு இரண்டு புகைப்பவர் பத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புகைப்பார். அதையும் எண்ணிப் பாருங்கள், ஐயா.

மூன்றாமாண்டு மாணவன்:
நண்பர் சொல்வது நடக்கும். விடுதியில் முழுப் பெட்டி வாங்கியவர் அன்றிரவே அதைக் காலிசெய்வதைப் பார்த்திருக்கிறேன். சட்டம் வந்தாலும் வராவிட்டாலும், விட நினைப்பவன் யாரிடம் போவது? எங்கள் கல்லூரியில் அதற்கென ஓர் ஆலோசகர்கூட இல்லை.

வைகைக்கரையான்:
1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறதே! 2018 முதல் ஒவ்வொரு பெட்டியிலும் அச்சாகிறது.

மூன்றாமாண்டு மாணவன்:
மூன்றாண்டுகளாகப் புகைக்கிறேன், ஐயா. ஒருமுறைகூட நான் பெட்டி வாங்கியதில்லை. அப்படி ஓர் எண் இருப்பதே இப்போதுதான் தெரியும். ஒற்றை விற்பனை குறித்து நீங்கள் சொன்னதை மறுக்க இப்போதைக்கு என்னிடம் பதில் இல்லை.