மறு: வெப்ப அதிர்ச்சித் ‘தடை’யா, ‘தாங்குதிறனா’?

வணக்கம்.

> கிராஃபைட் கட்டுரையில் ‘வெப்ப அதிர்ச்சித் தடை’ என்றே வைத்துக்கொள்ளலாமா?

‘Thermal shock resistance’ என்பதற்கான இந்தச் சொல்லில் ‘வெப்ப அதிர்ச்சி’ சரி, ஐயா. கொதிக்கும் காப்பியை ஊற்றியதும் கண்ணாடி டம்ளர் சட்டென்று விரிசல் விடுகிறதே, அதை இந்தச் சொல் நன்றாகக் காட்டுகிறது. எனக்கு உறுத்துவது ‘தடை’தான். மின்தடை, வெப்பத்தடை என்று அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. கிராஃபைட்டில் அது பொருளையே தலைகீழாக்கிவிடும்.

திடீர்ச் சூட்டை ஒரு பொருள் எவ்வளவு தாங்கும் என்று மதிப்பிட, வலிமையை வெப்பக் கடத்துத்திறனால் பெருக்கி, யங் குணகத்தாலும் (பொருளின் விறைப்பைக் காட்டும் எண்) வெப்ப விரிவுக் குணகத்தாலும் (சூட்டில் எவ்வளவு விரியும் என்பது) வகுப்பார்கள். கிராஃபைட் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதாவது அதன் வெப்பத்தடை குறைவு. சூடு ஒரே இடத்தில் தேங்காததால் எளிதில் வெடிப்பதில்லை. அணு உலைக்குள் வைத்த கிராஃபைட்டில் நியூட்ரான்கள் மோதி அதன் கார்பன் அணுக்களை இடம்பெயர்த்ததும் அந்தக் கடத்துத்திறன் வெகுவாக விழுகிறது. வலிமை கூடத்தான் செய்கிறது, ஆனால் விறைப்பும் கூடவே ஏறுவதால் அந்த ஆதாயம் தங்குவதில்லை.

இதை உங்கள் சொல்லில் எழுதினால், ‘வெப்பத்தடை கூடியதால் வெப்ப அதிர்ச்சித் தடை குறைந்தது’ என்று வரும். படிக்கும் மாணவி அச்சுப்பிழை என்றுதான் நினைப்பாள். ‘தாங்குதிறன் குறைந்தது’ என்றால் ஒரே வாசிப்பில் புரியும்.

அப்புறம், வரைவில் இரண்டு இடங்களில் ‘கதிரியக்கம்’ வருகிறது. பொருள் தானே கதிர்களை வெளிவிடுவதுதான் கதிரியக்கம். இங்கே வெளியிலிருந்து கதிர் வந்து படுகிறது. செறிவூட்டல் போல, ‘கதிரூட்டல்’ எனலாம்.

ஆக்சிஜனேற்றத்தையும் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. 1976 முதல் 2022 வரை இயங்கிய பிரிட்டனின் ஹிங்க்லி பாயின்ட் பி அணு உலைகளில் குளிர்வித்தது கார்பன் டை ஆக்சைடு வாயு. சூடு மட்டும் செய்யாத வேலையை அங்கே கதிர்வீச்சு செய்தது: வாயுவை உடைத்து, அதன் வழியே கிராஃபைட்டை அரித்தது. துளைகள் பெருகினால் வலிமை, விறைப்பு, கடத்துத்திறன் எல்லாமே இறங்கும். விறைப்பு இறங்குவது ஓரளவு ஈடுகட்டினாலும் போனது போனதுதான். இதைக் ‘கதிர்வழி ஆக்சிஜனேற்றம்’ என்றும், வெறும் சூட்டால் நேர்வதை ‘வெப்பவழி ஆக்சிஜனேற்றம்’ என்றும் சொல்லலாம்.

‘வெப்ப அதிர்ச்சி தாங்குதிறன்’ என்று எழுதும்போது நடுவில் ‘த்’ வேண்டாம். அதிர்ச்சியைத் தாங்குவது என்பதால் இரண்டாம் வேற்றுமைத் தொகை. சுமைதாங்கியில் ஒற்று மிகுவதில்லையே.