மீன் குழம்புச் சோறு நாய்க்கு ஆகுமா?

கேள்வி (ராயபுரம்):
எங்கள் வீட்டில் மூன்று வயது நாட்டு நாய் ஒன்று வளர்கிறது. காசிமேடு அருகிலேயே இருப்பதால் மீனுக்குக் குறைவில்லை. மதியம் மிஞ்சிய மீன் குழம்புச் சோற்றையும், மலிவாகக் கிடைக்கும் நாட்களில் பச்சை நெத்திலியையும் கொடுத்து வருகிறோம். இரண்டு வாரமாக விட்டுவிட்டு வயிற்றுப்போக்கு. சோறே நாய்க்கு ஆகாது, கறி மட்டும் போடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எதை நிறுத்துவது?

பதில் (தண்டையார்பேட்டை):
சோற்றின் மீது பழி போடாதீர்கள். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாய்க்கு மிகுதி என்பது 2013இல் வெளியான ஆய்விலேயே தெரியவந்தது; நம் வீட்டுச் சோற்றைத் தின்றே பழகிய பிராணியல்லவா அது. எனக்குச் சந்தேகம் குழம்பின் மீதுதான். வெங்காயமும் பூண்டும், பச்சையானாலும் வதக்கி அரைத்ததானாலும், நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதன் விளைவு பெரும்பாலும் சில நாட்கள் கழித்தே வெளியில் தெரியும். மீனைக் கழுவிக் கொடுப்பதிலும் பயனில்லை, சாறு சதைக்குள் இறங்கியிருக்கும். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு இயல்பிலேயே கறுப்பு என்றால் கீழிமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்திருந்தாலோ, சிறுநீர் பழுப்பாகப் போனாலோ, அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வெளுக்காவிட்டாலும், இரண்டு வாரப் போக்கை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

பதில் (பழைய வண்ணாரப்பேட்டை):
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பச்சை நெத்திலி கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். அதில் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அது செயலிழந்துவிடும். நாங்கள் குழம்பு கூட்டுவதற்கு முன்பே நாயின் பங்கைத் தனிச் சட்டியில் உப்பின்றி வேகவைத்து, ஆறியபின் விரலால் முள் நீக்கி, குழைந்த சோற்றில் பிசைந்து வைக்கிறோம். வெந்த கோழி எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் குத்தும் என்பதால் அதைப் போடுவதில்லை. எலும்பில்லாத கறி மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போதாது, ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் யோசனையும் அரைகுறைதான். கருவாடு, திராட்சை, சாக்லேட் வேண்டவே வேண்டாம்.

கேட்டவர்:
இமையின் உட்புறம் சிவப்பாகத்தான் இருக்கிறது. ஆயினும் நாளைக் காலை வேப்பேரிக்குச் செல்கிறோம். அம்மா இரவில் பால் ஊற்றுகிறார், அது தொடரலாமா?

பதில் (தண்டையார்பேட்டை):
வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. போக்கு நிற்கும்வரையாவது அம்மாவிடம் சொல்லி நிறுத்திவையுங்கள், தண்ணீர் மட்டும் எப்போதும் கிண்ணத்தில் இருக்கட்டும்.