புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் (மலேசியா) டியூஷன் சங்கத்துக்கு கிராண்ட் (உதவி நிதி) கெடச்சிருச்சு

போன மாசம் இங்க கேட்டிருந்தேன்ல, தோட்டத்துப் பிள்ளைங்க டியூஷனுக்கு ஒரு அறவாரியத்துல போட்ட மனு அப்படியே நிக்குது, என்ன பண்றதுன்னு. உதவுன எல்லாருக்கும் நன்றி. ஒய்பி (எங்க தொகுதி மக்கள் பிரதிநிதி) லெட்டர் வாங்கச் சொன்னீங்க, வாங்குனோம், அத யாரும் பாத்த மாதிரி தெரியல. வேலை செஞ்சது சங்கப் பதிவிலாகா ஆண்டறிக்கைய பாருன்னு ஒரு அண்ணன் சொன்னதுதான். 1966 சங்கச் சட்டப்படி ஆண்டுக்கூட்டம் முடிஞ்சு 60 நாளைக்குள்ள அனுப்பணுமாம், பழைய கமிட்டி அனுப்பவே இல்ல, அத இரோசஸ்ல (பதிவிலாகாவோட ஆன்லைன் சிஸ்டம்) ஏத்தி, அந்த பிரிண்டோட சங்கத்துப் பேர்ல உள்ள பேங்க் ஸ்டேட்மென்டையும் வச்சு குடுத்ததும் மனு நகந்துச்சு.

எதிர்பாக்காதது ஒன்னு, காசு மொத்தமா வராது. பாதிதான் முதல்ல, மிச்சம் ரிசிட், போட்டோ, பிள்ளைங்க கையெழுத்து போட்ட வருகைப் பதிவெல்லாம் குடுத்த பிறகு. தெர்மல் ரிசிட் சீக்கிரம் வெளுத்துரும், வாங்குன அன்னிக்கே போட்டோஸ்டேட் எடுத்துருங்க.