அம்மாவுக்குக் கனடா வருகை விசா மறுப்பு: அடுத்து என்ன செய்யலாம்?

கேள்வி:
அகதியாக ஏற்கப்பட்டு, இப்போது நிரந்தர வதிவிட உரிமையுடன் ரொறன்ரோவில் வாழ்கிறேன். யாழ்ப்பாணத்திலுள்ள அம்மாவைப் பார்த்துப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. நான் இலங்கைக்குச் சென்றால் அகதிப் பாதுகாப்பும் அதனோடு வதிவிட உரிமையும் பறிபோகக்கூடும் என்பதால், அவர் இங்கு வருவதையே நம்பியிருந்தேன். உரிய காலத்தில் நாடு திரும்புவார் என்று நம்ப முடியவில்லை எனக் கூறி விசாவை மறுத்துவிட்டார்கள். மேன்முறையீடு செய்யலாமா?

பதில் 1:
வருகை விசா மறுப்புக்கு மேன்முறையீடு கிடையாது, சகோதரி. கூட்டாட்சி நீதிமன்றத்தில் 60 நாட்களுக்குள் நீதி மீளாய்வு (மறுப்பு முடிவு முறையாக எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் ஆராய்வது) கோரலாம், செலவு அதிகம். மீண்டும் விண்ணப்பிக்கத் தடையில்லை என்றாலும், பழைய ஆவணங்களையே அனுப்புவது வீண். முதலில், தகவல் அணுகல் சட்டத்தின் கீழ் 5 டொலர் செலுத்தி, விசா அதிகாரி தம் முடிவைப் பற்றி எழுதிய குறிப்புகளைப் பெறுங்கள். மறுப்புக் கடிதத்தில் இல்லாத உண்மையான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகு காணி உறுதி, ஓய்வூதியச் சான்று, ஊரில் அவருடன் வாழும் பிள்ளைகளின் விவரம் ஆகியவற்றை மொழிபெயர்ப்புடன் புதிய விண்ணப்பத்தில் இணையுங்கள்.

பதில் 2:
உங்களுக்கு நிரந்தர வதிவிட உரிமை உள்ளதால், பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான சூப்பர் விசாவையும் எண்ணிப் பாருங்கள். ஒரு வருகையில் 5 ஆண்டுகள் வரை தங்கலாம். குடும்ப அளவுக்கேற்ற வருமானத்தை நீங்கள் காட்ட வேண்டும். அவருக்கு மருத்துவப் பரிசோதனையும், குறைந்தது ஓராண்டுக்கு 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதியும் தேவை. வயதானவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணம் கடுமையானது என்பதை என் மாமியாருக்காக விண்ணப்பித்தபோது உணர்ந்தேன். திரும்பிச் செல்வார் என்ற நம்பிக்கையை இதிலும் ஏற்படுத்தியாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முதலில் குறிப்புகளுக்கு விண்ணப்பிக்கிறேன்; அவை வந்ததும் இங்கே எழுதுகிறேன்.