மறு: மறு: முழுவுடல் அதிர்வு: 'வீச்சு' என்றால் பாதியா, முழுசா?

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி whole-body vibration, amplitude, reporting guidelines மூன்றுக்கும் தமிழ்ச் சொல் கேட்டேன், ஞாயிறு மதியத்துக்குள் பத்தொன்பது மடல் வந்துவிட்டது. எல்லாருக்கும் நன்றி. நாளைக் காலை கையேடு அச்சுக்குப் போகிறது, அதனால் ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக: இது இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கான கையேடு. அதிரும் பலகையின் மேல் ஆளை நிற்கவைத்துத் தரும் சிகிச்சை பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினால் எதையெல்லாம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பதுதான் பொருள். 2010-ல் வந்த பரிந்துரை ஒன்று இருக்கிறது. 2021-ல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து மனிதர், விலங்கு, உயிரணு வளர்ப்பு மூன்றுக்குமாக அதை விரித்தார்கள். என்ன கருவி, பலகை மொத்தமாக மேலும் கீழும் போகிறதா அல்லது சீசா மாதிரி இடமும் வலமும் மாறி மாறி ஏறுகிறதா, அதிர்வெண் எவ்வளவு, காலில் ஷூ உண்டா, முழங்கால் எவ்வளவு மடங்கியிருந்தது, பாதம் பலகையில் வழுக்கியதா என்றெல்லாம் கேட்கிறார்கள்.

> 'முழுவுடல் அதிர்வு' சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. 'மெய்யதிர்வு' என்றால் என்ன குறை? 'மெய்தான் அரும்பி விதிர்விதிர்த்து' என்று திருவாசகமே வழி காட்டுகிறதே.

ஐயா, அந்த வரியை நீங்கள் எழுதியதும் எடுத்து மறுபடி முழுசாகப் படித்தேன். சொல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆய்வுகளில் ஒரு குழுவுக்கு உண்மையான அதிர்வும் இன்னொரு குழுவுக்குப் போலி அதிர்வும் தருவது வழக்கம். 'மெய்யதிர்வுக் குழு' என்று எழுதினால் மாணவர் அதைப் 'பொய்யதிர்வுக் குழு'வுக்கு எதிர்ப்பதமாகத்தான் படிப்பார். அப்புறம் போலி அதிர்வு பெற்றவர்களை எப்படிச் சொல்வது? 'முழுவுடல்' புணர்ச்சிப்படியும் சரிதான். 'முழு' முற்றியலுகரம், வகர உடம்படுமெய் தானாக வந்து நிற்கிறது.

> 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்' என்பது தொல்காப்பியம். அப்படியானால் 'நடுக்கச் சிகிச்சை' என்றே சொல்லலாமே, பாமரருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறாகப் புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர், பார்க்கின்சன் நோயாளிகள் நெடுந்தூர ரயில், வண்டிப் பயணத்துக்குப் பிறகு கொஞ்சம் தேறியதைக் கவனித்து, குலுங்கும் நாற்காலி ஒன்றைச் செய்யவைத்தார். அந்த நோயைத் தமிழில் நடுக்குவாதம் என்கிறோம். நடுக்கத்துக்கு நடுக்கச் சிகிச்சை என்று எழுதினால் நோய் எது, மருந்து எது என்று குழம்பாதா? நீங்கள் காட்டிய தொல்காப்பிய உரியியல் நூற்பா பொருள் உறவைச் சொல்கிறது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடச் சொல்லவில்லை.

> 'வீச்சு' பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

அக்கா, என் கவலை முழுக்க இந்த ஒரு சொல்லில்தான். போன வாரம் வகுப்பில் கரும்பலகையில் '30 ஹெர்ட்ஸ், வீச்சு 2 மி.மீ., உச்ச முடுக்கம் காண்க' என்று எழுதினேன். ஒரு மாணவி 71 மீ/வி² என்றாள், அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏழு மடங்கு. பக்கத்தில் இருந்தவன் 35.5 என்றான், அதில் சரிபாதி. வாய்பாடு இருவருக்கும் ஒன்றுதான். அவள் இயற்பியல் வீச்சை எடுத்துக்கொண்டாள், நடுநிலையிலிருந்து முகடு (மேல் உச்சி) வரை. அவன் புள்ளியியல் வீச்சை எடுத்துக்கொண்டான், பெரியதில் சிறியதைக் கழித்தது, அதாவது அகட்டிலிருந்து (கீழ் எல்லை) முகடு வரை. இரண்டும் நம் பாடநூலில் 'வீச்சு' என்றே இருக்கின்றன! அவன் 2-ஐப் பாதியாக்கி 1 மி.மீ. என்று கணக்குப் போட்டதில் என்ன தப்பு சொல்ல முடியும்? ஆங்கிலக் கட்டுரைகளிலும் இதே குழப்பம் உண்டு, பரிந்துரைகள் இதை வலியுறுத்துவதும் அதனால்தான். ஆனால் அங்கே இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது, எழுதுகிறவர் மாற்றிப் போட்டுவிடுகிறார். நமக்குச் சொல்லே ஒன்று. எலும்பு தேய்ந்த மூதாட்டியைப் பலகையில் ஏற்றும்போது மூன்றரை மடங்கா ஏழு மடங்கா என்பது சின்ன விஷயம் இல்லை.

'அரைவீச்சு, முழுவீச்சு' என்று பிரிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மதுரை நண்பர் தடுத்தார், அவர் சொன்னதுதான் சரி. 'மீட்புப் பணி முழுவீச்சில்' என்று தினம் செய்தித்தாளில் படிக்கிறோம். 'கருவி முழுவீச்சில் இயங்கியது' என்றால் குமிழை முழுக்கத் திருகிவிட்டார்கள் என்றுதான் எவரும் நினைப்பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியவர் 'வீச்சம்' என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறார், அங்கே பாடநூல் வழக்கு அதுதான். இயற்பியலுக்கு வீச்சம், புள்ளியியலுக்கு வீச்சு என்று பிரிந்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது. தமிழ்நாட்டு மாணவர் அச்சுப்பிழை என்று நினைப்பார் என்று ஐந்து பேர் எதிர்த்தார்கள். தமிழ்நாட்டு அதிர்வெண்ணா இலங்கை மீடிறனா, அதேபோல முடுக்கமா ஆர்முடுகலா என்று கிளைத்த சண்டைக்குள் நான் போகவில்லை. கையேட்டின் கடைசியில் இரண்டு வழக்கையும் அருகருகே தருகிறேன்.

reporting guidelines என்பதற்கு 'செந்தரம்', 'நியமம்', 'நெறிமுறை' இழுபறியும் அப்படித்தான். சிகிச்சைத் திட்டத்துக்கு ஏற்கெனவே நெறிமுறை என்று போட்டாகிவிட்டது, அதனால் இங்கே 'அறிக்கை வழிகாட்டி'. இன்னும் நல்ல சொல் கிடைத்தால் மறுபதிப்பில் மாற்றலாம்.

ஆக, ஏழு பேர் ஒப்புதலோடும் நால்வர் மறுப்போடும் நாளை போவது இது: மொத்த அசைவுக்கு 'முகடு–அகடு தொலைவு', பாதிக்கு 'நடுநிலை வீச்சு'. தனியாக 'வீச்சு' என்று ஓர் இடத்திலும் வராது. நீளம்தான், தெரியும். அட்டவணைக் கட்டத்தில் அடங்காமல் அச்சுக்கோப்பவர் ஏற்கெனவே ஒருமுறை கூப்பிட்டுவிட்டார்.

ஐயா இப்போதுதான் தனிமடலில் 'மெய்யதிர்வை அடிக்குறிப்பிலாவது போடு' என்று கேட்டிருக்கிறார். பக்கம் 4-ல் போட்டுவிட்டேன், திருவாசக வரியோடு.