கடல்யாளி: பழைய நிலப்படங்களில் நீந்தும் மிருகங்களுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம். பழைய நிலப்படங்களில் கடல் பகுதியில் வரைந்திருக்கும் விசித்திர மிருகங்களை (sea monsters) தமிழில் என்ன சொல்லலாம் என்ற பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

> 'கடல் அரக்கன்' என்றே போட்டுவிடலாமே?

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது ஐயா. ஆனால் அரக்கன் என்றதும் மீசையும் கதாயுதமும் கண்முன் வந்து நிற்கின்றன. நான் மொழிபெயர்ப்பது 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நிலப்படங்களைப் பற்றிய கட்டுரை. அதில் வருபவை பன்றித் தலையும் மீன் வாலுமாக இருக்கின்றன. 'கடற்பூதம்' குழந்தைக் கதைக்குப் போய்விடுகிறது. 'விசித்திரக் கடல்வாழ் உயிரினம்' என்பது விளக்கம்தான், சொல் இல்லை.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சுவீடனைச் சேர்ந்த பாதிரியார் ஒலாவுஸ் மாக்னுஸ் 1539-இல் வெனிசில் அச்சிட்ட 'கார்ட்டா மரீனா' ஒன்பது தாள்களை ஒட்டிப் பார்க்கவேண்டிய வடகடல் படம். நார்வே கரையோரம் ஒரு பாம்பு கப்பலைச் சுற்றி வளைத்திருக்கிறது. இன்னோரிடத்தில் மாலுமிகள் திமிங்கிலத்தின் முதுகைத் தீவு என்று நினைத்து, நங்கூரம் போட்டு அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். வேறொரு கப்பலில், நெருங்கி வரும் மிருகத்தின் கவனத்தைத் திருப்பப் பீப்பாய்களைத் தூக்கிப் போடுகிறார்கள். ஒருவர் எக்காளம் வேறு ஊதுகிறார்.

> மகரம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

நல்ல கேள்வி அம்மா. இரண்டு நாள் இதிலேயே நின்றுவிட்டேன். முதலை வாய், யானைத் துதிக்கை, மீன் வால் என்று மகரமும் கலப்பு உருவம்தான். வருணனின் ஊர்தி வேறு. ஆனால் நமக்கு மகரம் என்றால் தோரணம், குழை, ராசி. அதற்கென்று ஓர் உருவமும் படிந்துவிட்டது. நூறு விதமாக வரையப்பட்ட மிருகங்களுக்குப் பொதுப்பெயராக அதை இழுத்தால் இரண்டு பக்கமும் குழப்பம்.

திமிங்கிலத்தையும் யோசித்தேன். திமி என்ற பெருமீனையே விழுங்குவது திமிங்கிலம் என்பது பழைய பொருள். கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ள, பார்ஹூத் என்ற பழைய பௌத்தத் தூபியின் சிற்பத்தில், அப்படி ஒரு மீன் ஆட்களோடு படகை விழுங்க வாய் பிளந்து நிற்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையது! அந்தச் சொல் இன்று வெறும் விலங்கியல் பெயராகிவிட்டது. இழப்புதான், என்ன செய்ய.

அதனால் என் பரிந்துரை 'கடல்யாளி'. யாளியைக் காட்டில் போய் யாரும் தேடுவதில்லை. அதன் இடம் கோயில் தூண். இந்த மிருகங்களின் இடமும் அப்படித்தான், வரைந்த கடல். யாளி என்றால் சிங்கம்தானே என்று சொல்லாதீர்கள். சிம்மயாளி, யானையாளி, மகரயாளி என்று சிற்பிகளே வகை வைத்திருக்கிறார்கள். இன்னொரு பொருத்தமும் உண்டு. ஜெர்மானிய நிலப்பட வரைஞர் மார்ட்டின் வால்ட்சேமுல்லரின் 1516-ஆம் ஆண்டுப் படத்தில், ஆப்பிரிக்காவின் தென்முனை அருகே போர்த்துகல் மன்னர் மானுவேல் ஒரு கடல் மிருகத்தின் மேல் சவாரி செய்கிறார். கடல்வழி எங்கள் கையில் என்கிற அறிவிப்பு அது. 'கடல் அரக்கன் மேல் மன்னர்' என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும். யாளிமேல் வீரன் நம் மண்டபங்களில் பார்த்துப் பழகிய காட்சிதானே?

> அவற்றில் பாதி உண்மையான விலங்குகள் ஆயிற்றே?

உண்மை. இதுதான் என்னை உறுத்துகிறது. அதே நூற்றாண்டின் நிலப்படத் தொகுப்பாளர் ஆபிரகாம் ஓர்ட்டேலியுஸ் வெளியிட்ட ஐஸ்லாந்து படத்தில் ஒவ்வொரு மிருகத்துக்கும் ஓர் எழுத்திட்டு, அருகே குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். 'ஏ' என்பது நீண்ட ஒற்றைத் தந்தமுள்ள நார்வால் திமிங்கிலம்: தின்றால் உடனே சாவு, அதன் பல்லை ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று விற்கிறார்கள் என்கிறது குறிப்பு. மீனவர்களுக்காக மற்றத் திமிங்கிலங்களோடு சண்டை போடும் சாதுவான திமிங்கிலமும் அங்கே உண்டு. வரைந்தவர்களும் வாங்கியவர்களும் இவற்றில் பலவற்றை நம்பினார்கள். அவர்களுக்கு இது அலங்காரம் மட்டும் அல்ல, செய்தி. யாளி என்ற சொல் அந்த நம்பிக்கையை அழித்துவிடுமோ?

இப்போதைக்கு இப்படிப் பிரிக்கலாம்: விலங்கைச் சொல்லும்போது நார்வால், திமிங்கிலம், படத்திலுள்ள உருவத்தைச் சொல்லும்போது கடல்யாளி. 'இந்தக் கடல்யாளி நார்வாலைப் பார்த்தவர் சொன்னதைக் கேட்டு வரைந்தது' என்று எழுத முடிகிறது. 'கடல்யாளிப் படம்', 'யாளியிட்ட நிலப்படம்' என்பவையும் இடறாமல் வருகின்றன. இரண்டாவது எனக்கு அவசியம் தேவை. மாலுமிகள் கப்பலில் பயன்படுத்திய கடற்படங்கள் பலவற்றில் இந்த மிருகங்கள் கிடையாது. செல்வர்கள் காசு கொடுத்து வரையச் சொன்னவற்றில்தான் அதிகம்.

புணர்ச்சி பார்ப்பவர்களுக்கு: 'கடலியாளி' ஆகாதா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். மெய்யில் முடியும் சொல்லை அடுத்து யகரம் வந்தால் இடையே இகரம் தோன்றும் என்று 'துணிநரும் உளரே' (துணிந்து சொல்பவரும் உண்டு) என்பதோடு நன்னூல் நிறுத்திக்கொள்கிறது. கட்டாயமில்லை. நான் துணியவில்லை.

மிச்சம் இருப்பது கார்ட்டா மரீனாவில் கப்பலைச் சுற்றிய அந்தப் பாம்பு. 200 அடி நீளம், 20 அடி பருமன் என்று 1555-இல் ஒலாவுஸே எழுதுகிறார். 'கடற்பாம்பு' என்றால் வலையில் சிக்கும் நிஜப் பாம்பு. 'கடல்நாகம்' என்றால் படமெடுக்கிறது. 'மாப்பாம்பு' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், பிடிக்கவில்லை. யாராவது கைகொடுங்கள்.